அம்மாவின் உடம்பில் கதிர்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், அரைப்பரீட்சை விடுமுறையில் எங்கள் வீட்டில் மீன் நின்றுபோனது. தூத்துக்குடியில் இருந்துகொண்டு மீன் இல்லாத சோறா என்று தட்டைத் தள்ளினேன். உப்பளத்தில் வேலை பார்த்த அப்பா, கடை உப்புப் பாக்கெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, அளத்திலிருந்து அயோடின் சேர்க்காத கல்லுப்பு கொண்டுவந்தார். அம்மாவின் உடம்பைக் கொஞ்ச நாள் அயோடினுக்கு ஏங்கவைக்கச் சொல்லியிருந்தாராம் டாக்டர்.

அம்மாவின் கழுத்திலிருந்த தைராய்டு சுரப்பியை, அதில் வந்த புற்றுநோயோடு முன்பே அறுத்து எடுத்திருந்தார்கள். அதிலிருந்து அவள் குரல் கரகரத்தது. மிச்சம் மீதி எங்காவது ஒளிந்திருந்தால் அழிப்பதற்குக் கதிர் வீசும் அயோடின் மாத்திரை ஒன்று உண்டு. அதை விழுங்க மதுரைக்குப் போனாள். எனக்குத் துணையாக அத்தை வந்திருந்தாள்.

அப்பா போனில் சொன்னதை வாய்பிளந்து கேட்டேன். மாத்திரை கனத்த ஈயக் குப்பிக்குள் வந்ததாம். கொடுத்தவர்கள் உடனே வெளியே போய்விட்டார்களாம். தனியறையில் இருந்த அம்மாவின் உடம்பிலிருந்து எவ்வளவு கதிர் வருகிறதென்று, தள்ளி நின்று ஒரு கருவியால் அளந்தார்களாம்.

“கெட்ட செல்லு எங்க இருக்குன்னு மாத்திரைக்கு எப்படிப்பா தெரியும்?”

“ரத்தத்தோட உடம்பு பூரா போவும்ளா. அயோடின்னு நெனச்சு கெட்ட செல்லே அத இழுத்துத் தின்னும். தின்னா செத்துரும்.”

மலைத்துப்போனேன். எங்கள் அம்மா வெளிச்சம் வீசுவாள் என்று தெருப் பிள்ளைகள் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பின்னறைக்குள் போய்விட்டாள். தனித் தட்டு, தனிப் படுக்கை. பிள்ளைகள் ஆறடி தள்ளியே நிற்க வேண்டும் என்று அப்பா அந்த அறை வாசலில் சாக்பீஸால் கோடு போட்டார். மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் கரண்டு போனது. இதுதான் சமயம் என்று கோட்டருகே ஓடினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. கோட்டைத் தாண்டினேன். அம்மா ஓரடி பின்வாங்கினாள். நான் இன்னும் இரண்டடி வைத்தேன். அவள் முதுகு ஜன்னலில் முட்டியது.

“ஏளா, அங்கனயே நில்லு! இன்னும் ஒரு அடி வச்ச, உங்கூடப் பேசவே மாட்டேன்.”

அம்மா என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. திடுக்கிட்டு நின்றேன். அவள் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தன.

“கையிலதான் வெளிச்சத்த ஒளிச்சு வச்சிருக்கியாம்மா?”

அவள் சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. “ஆமா. கொஞ்ச நாள்ல காட்டுதேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் போ.”

டாக்டர் சொன்ன கெடு முடிந்த காலையில் அம்மாவே கூப்பிட்டாள். ஓடிப்போய் முதலில் அவள் கைகளைத்தான் புரட்டிப் பார்த்தேன். ஊசி குத்திய தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை. ஏமாந்துபோனேன். அடுத்து எடுத்த ஸ்கேனில் நோயின் தடமே இல்லை என்று அப்பா அழுதது எனக்கு அவ்வளவு பெரிய சேதியாகப் படவில்லை.

அம்மா இன்றும் தினமும் காலையில் ஒரு தைராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வேலையைப் பார்க்கிறாள். அன்று கம்பியை விட்டிருந்தால் அவளையும் மீறி அந்தக் கைகள் என்னை வாரித் தூக்கியிருக்கும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தை ஒளிக்கிறாள் என்றே நினைத்தேன்.