ஜெயபால் பாஸ் செய்த நாய்

பாடியில் ஒரு பழைய தொழிற்சாலையில் ஜெயபால் முப்பத்தொரு வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தேறிய சாமானுக்குப் பச்சை அட்டை, தேறாமல் கழிவுக்குப் போவதற்குச் சிவப்பு, முடிவாகாததற்கு மஞ்சள். ரிட்டயரான பிறகும் மனுஷன் அடங்கவில்லை. பட்டாபிராமில் அவருக்கு அடுத்த வீட்டுக்காரன் நான். என் கேட் மூன்று மில்லிமீட்டர் சாய்வு என்று சொல்லிச் சொல்லியே என் உயிரை வாங்கியவர்.

அப்பேர்ப்பட்டவர் ஆவடியில் மணவாளன் என்பவனின் கடையில் நாய்க்குட்டி வாங்கினார். காது, வால் எல்லாவற்றையும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார். "தடுப்பூசிலாம் போட்டாச்சு அண்ணாத்தே, இந்தா கார்டு" என்றான் மணவாளன். அந்த அட்டையை மட்டும் படிக்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் குட்டிக்கு வலிப்பு வந்தது. டிஸ்டெம்பர் நோய், கடையிலேயே தொற்றியிருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். அப்போதுதான் ஜெயபால் அட்டையைப் படித்தார். குட்டி பிறப்பதற்கு ஒன்பது நாள் முன்பே அதற்கு ஊசி போட்டிருந்தார்கள்.

கடைக்கு ஓடினார். மணவாளன் பில்லின் அடியில் இருந்த முத்திரையைக் காட்டினான்: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

"உசுருக்கு இன்னா அண்ணாத்தே கேரண்டி? உனுக்குக் கீதா, எனுக்குக் கீதா?"

தத்துவம் பேச அவனுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. ஜெயபால் சட்டத்தைப் படித்தார். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதுதான் தப்பாம், முத்திரை குத்தினாலும் செல்லாதாம். பழசைக் கொடுத்துவிட்டுக் குறையில்லாத வேறொன்றைப் பெறுவதற்காகப் பதினாறு பக்கத்தில் நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதினார். குட்டியின் கழுத்தில் மஞ்சள் அட்டை ஏறியது. தீர்ப்பு வரும்வரை அதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

ஆனால் இருபது நாள் மடியில் போட்டு சிரிஞ்சில் கஞ்சி ஊட்டியது அவரேதான். கேட்டால், "சாட்சி செத்துடக் கூடாதுல்ல" என்பார்.

குட்டி பிழைத்தது. முன்னங்கால் ஒன்று மட்டும் நிற்காமல் வெட்டி வெட்டி இழுத்தது. ஆயுசுக்கும் அப்படித்தான் என்றார் மருத்துவர்.

"கேஸு ஜெயிச்சா இது போயிடும், தெரியுதா உங்களுக்கு?" என்றார் மனைவி ஞானகுமாரி.

"ரூல்னா ரூல்தான்."

சொந்தக் கேஸ் தோற்க வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் ஜெபித்தவர் அந்த அம்மாள்தான்.

பதினோரு மாதம் கழித்து விசாரணை. ஜெயபால் நாயையும் கூட்டிக்கொண்டு போனார், துணைக்கு நானும் போனேன். மணவாளன் கூடையில் புதுக் குட்டியோடு பவ்வியமாக நின்றான்.

"மாத்திக் குடுத்துடறேன் மேடம்."

"நீங்க கேட்டதும் இதுதானே? அதை ஒப்படைச்சிட்டு இதை வாங்கிக்குங்க" என்றார் ஆணைய உறுப்பினர்.

ஜெயபால் மணவாளனைப் பார்த்தார். "இத்த எடுத்துகினு போய் இன்னா பண்ணுவே?"

"அது இன்னாத்துக்கு உனுக்கு? ரிட்டன் வந்தா என் பொருளு."

திரும்பி வந்த சாமான் எங்கே போகும் என்று ஜெயபாலுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் சிவப்பு அட்டை கட்டி அவரே அனுப்பிய இடம்தான். ஒரு தாள் கேட்டு வாங்கி, நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'பொருளை மறுபடியும் பரிசோதித்தேன். குறை எதுவும் இல்லை. புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.'

உறுப்பினர் மேஜைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நாயின் கால் வெட்டி இழுத்து, நாற்காலியில் டக் டக்கென்று இடித்துக்கொண்டிருந்தது.

"குறை இல்லையா?"

"இல்லீங்க மேடம்."

வேலையில் இருந்தவரை ஒரு பொய் ரிப்போர்ட்டில்கூடக் கையெழுத்துப் போடாதவர். வெளியே வந்ததும் மஞ்சள் அட்டையை அவிழ்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பச்சையை எடுத்துக் கட்டினார். ரொம்ப நேரம் முடிச்சே விழவில்லை.

ரயிலில் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார். "உன் கேட்டும் பரவால்ல. உடு."