சீனியர் பெயரில் நடத்திய வழக்குகள்

தில்லை நகரில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்தில் நான் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த வக்கீல் வந்தார். காதோர முடி நரைத்திருந்தது. உட்காரச் சொன்னதற்கு, "நின்னாதாங்க எனக்குப் பேச்சு வரும்" என்றார்.

துபாயில் ஒரு கம்பெனியின் சட்டப்பிரிவில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அனுபவத்துக்குச் சான்று கேட்டிருந்தார்கள்.

"உங்க பேர் இருக்கிற தீர்ப்பு ஏதாவது குடுங்க சார்" என்றேன்.

"வாதாடுனது நான். எல்லாத்துலயும் நான் வேலை பாக்குற சீனியர் வக்கீல் பேருதாங்க இருக்கு."

"அப்ப அவர்கிட்டயே ஒரு லெட்டர் வாங்கிடுங்களேன்."

"கேட்டா, நான் போகப்போறது தெரிஞ்சிடும். அன்னைக்கே வெளியில அனுப்பிடுவாரு. விசாவும் வரலைன்னா, ரெண்டு பொண்ணுங்களை வச்சிக்கிட்டு நான் எங்க போறது?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் திரும்ப வரவில்லை.

சில மாதம் கழித்து ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் அவரைப் பார்த்தேன். "சீனியர், இந்தப் பக்கம் வாங்க" என்று ஒரு பெரியவருக்கு வழிவிட்டு, அவர் வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். நான் சிரித்தபடி கை தூக்கினேன். அவர் முகம் மாறியது. பேச வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார். நான் பூக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

லெட்டரை அவர் இன்னும் கேட்கவில்லை என்பது புரிந்தது. போகும் எண்ணத்தை விட்டுவிட்டாரா, நேரம் பார்க்கிறாரா என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.