கடைசி வாய் பீர்

சாரல் பருவத்தில் குற்றாலத்தில் கூடுவது கல்லூரி நாள் முதல் எங்கள் மூவருக்கும் வழக்கம். ஒருவன் வீரகேரளம்புதூர்க்காரன், ராணுவத்தில் இருக்கிறான், விடுப்பை இந்தப் பருவத்தை ஒட்டியே கேட்டு வாங்குவான். இன்னொருவன் சுரண்டைக்காரன், உயிர்த்தொழில்நுட்பம் படித்துவிட்டு, ஓசூர்ப் பக்கம் ஒரு சிறிய ஆலையில் பீர் தயாரிக்கும் வேலையில் சேர்ந்தவன். நான் தென்காசியிலேயே இருக்கிறேன். குடியால் சிதறிய வீடுகளுக்குப் போய்ப் பேசுவது என் வேலையின் ஒரு பகுதி. அதனால் இந்தக் கூடுகையிலும் ஒரு பாட்டிலோடு நிறுத்திக்கொள்வேன். அந்த ஒன்று எதுவாக இருக்க வேண்டும் என்று மற்றவர்களை விட நான் அதிகம் யோசிப்பதற்கும் அதுவே காரணம்.

அருவியில் குளித்த பின் நாங்கள் போய் உட்காருவது ஐந்தருவி சாலையில் ஒரு ஓட்டலின் பாரில். அதை நடத்துபவர் எங்களை விட மூத்தவர். அண்ணாச்சி என்றே அழைப்போம். சுரண்டைக்காரன் உருவாக்கிய கோதுமை பீர் முதன்முதலாக அவருடைய பாருக்கு வந்த பருவத்தில், அவனே பெருமையோடு எங்களுக்கு ஊற்றித் தந்தான். மங்கலான பொன்னிறம், கிராம்பும் வாழைப்பழமும் கலந்தாற்போல ஒரு மணம். பாட்டிலின் அடியில் ஈஸ்ட் மண்டியாகத் தங்கியிருந்தது. பாட்டிலைச் சுழற்றி, அதையும் சேர்த்து ஊற்ற வேண்டும் என்று சொல்லித் தந்தான். நாங்கள் ரசித்துத்தான் குடித்தோம். ஆனால் கடைசி ஒரு வாயை இருவருமே கிளாஸில் விட்டுவிட்டோம்.

"ஏலே, அதுலதாம்லே எல்லாமே இருக்கு," என்று சிரித்தான். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சென்ற பருவத்தில் அவன் வந்தபோது முகத்தில் வேறு ஏதோ இருந்தது. பாரில் எங்களுக்கு அதே பீரைச் சொல்லிவிட்டு, தான் குடிக்காமல் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படிலே இருக்கு?"

"போன தடவைக்கு இது தேவல," என்றான் ராணுவக்காரன். "நாக்குல மாவு மாரி ஒட்டல. ஆனா அந்த மணத்தைத்தான் காணோம். ஏன், ஆள மாத்திட்டியா?"

"ஆளு நான்தான். முதலாளி மாறிட்டான். பெரிய கம்பெனி எங்கள வாங்கிட்டு."

ராணுவக்காரன் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தான். லேபிளில் பழைய மலைப் படமும், சிறு கொப்பரையில் கைப்பக்குவமாகச் செய்தது என்ற வாசகமும் அப்படியே இருந்தன.

"அப்ப இது யாரு கைலே?"

"மிஷின் கை."

பில்லோடு வந்த அண்ணாச்சி அங்கேயே நின்றுவிட்டார். "அதனால என்ன தம்பி? முன்னால ஒரு பாட்டிலு ஒரு ருசி, அடுத்த பாட்டிலு வேற ருசி. இப்ப எல்லாம் ஒண்ணு போல இருக்கு. கஸ்டமர் என் மேல சடைக்கதும் இல்ல. முதலாளி யாருன்னு குடிக்கவன் எதுக்குக் கேக்கணும்?"

"சரியாச் சொன்னிய அண்ணாச்சி. ரேஷன் அரிசி எந்த வயக்காட்டுல வெளஞ்சதுன்னா கேக்கோம்?" என்றான் ராணுவக்காரன்.

"ரேஷன் மூட்டையில கைப்பக்குவம்னு எழுதலையேலே," என்றேன் நான்.

"வந்துட்டாருய்யா ஜட்ஜு! ஒத்த பாட்டிலுக்கு ஒம்பது தீர்ப்பு," என்றான் அவன்.

நான் சிரித்துக்கொண்டே குளிர்பெட்டியைக் காட்டினேன். கண்ணாடிக் கதவு வைத்த அந்தப் பெட்டி, வாங்கிய பெரிய நிறுவனம் அண்ணாச்சிக்குச் சும்மா தந்தது. முன்பு இவனுடைய பாட்டில்கள் அதன் கீழ்த்தட்டில் சோடாக்களோடு ஒண்டிக் கிடக்கும். இப்போது கண்மட்டத்துக்கு ஏறிவிட்டன. மேல்தட்டுகளில் வெவ்வேறு பெயர்கள், வெவ்வேறு நிறங்கள், மலையும் மானும் பாய்மரமுமாக. எல்லாவற்றுக்கும் முதலாளி ஒருவரே. ருசி மாறியதா என்பதை விட, அடுத்து முளைக்கும் சிறு ஆலைக்கு அந்தப் பெட்டியில் இடம் எங்கே என்பதுதான் என்னை உறுத்தியது. அதைச் சொன்னேன். அண்ணாச்சி மறுக்கவில்லை. "பெட்டி அவிய குடுத்தது தம்பி. நான் என்ன செய்ய?" என்று மட்டும் சொன்னார்.

சுரண்டைக்காரன் அப்போதுதான் விஷயத்துக்கு வந்தான். "பெரிய பிளாண்டுல இந்த பீருக்கு என்னையத் தலைமையாப் போடுதாங்களாம். திங்கக்கிழம பதில் சொல்லணும். மண்டிய வடிகட்டச் சொன்னதே அவங்கதான். தெக்கத்திப் பாருல எல்லாவனும் கடைசி வாய மிச்சம் வைக்கான்னு தகவல் போயிருக்கு. வடிகட்டுனா மணம் செத்துப்போகும்னு சொன்னேன். குடிக்கவனுக்கே பிடிக்கல, ஒனக்கு மட்டும் என்னன்னு கேட்டாங்க. அதான் ஒங்க கிட்ட கேப்போம்னு வந்தேன். ஒங்களுக்கும் இதுதான் பிடிச்சிருக்குன்னா, பேசாமப் போய்ச் சேந்துருதேன்."

அவனை நம்பி அந்தச் சிறு ஆலைக்கு வந்தவர்களும் இப்போது பெரிய நிறுவனத்தில்தான் இருக்கிறார்கள். இவன் விலகினால் அவர்களுக்காகப் பேச ஆளில்லை. சேர்ந்தாலோ, தானே நம்பாத ஒன்றுக்குத் தன் கையை இரவல் தர வேண்டும். இரண்டையும் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் அண்ணாச்சி கிளாஸ்களை எடுக்கக் கை நீட்டினார்.

"வைங்க அண்ணாச்சி!" என்று சுரண்டைக்காரன் தடுத்தான்.

ராணுவக்காரனின் கிளாஸில் ஒரு வாய் பீர் மிச்சம் இருந்தது. என் கிளாஸிலும் அதே அளவு. பக்கத்து மேசையில் எழுந்து போனவர்களின் கிளாஸ்களையும் எட்டிப் பார்த்தான், அங்கேயும் அப்படித்தான்.

"இதுல லேசா மங்கல்தான் இருக்கு, மண்டியே இல்லையேலே. பெறவு ஏன் மிச்சம் வச்ச?"

ராணுவக்காரன் தன் கிளாஸை வேறு யாருடையதோ போலப் பார்த்தான். "தெரியலையேலே. பதநி மாரி மங்கலா இருக்கா... அடியில சுண்ணாம்பு கெடக்கும்லா? கை தன்னால நின்னுட்டு."

பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியே பனையில் கட்டுவார்கள். அதில் கொஞ்சம் அடியில் தங்கிவிடும். எங்கள் பக்கத்தில் பதநீர் குடித்து வளர்ந்த யாரும் கடைசி வாயைக் குடிப்பதில்லை, மண்ணில் கொட்டிவிடுவோம். அந்தப் பழக்கம் மங்கலான எந்தப் பானத்தைக் கண்டாலும் எங்கள் கைக்கு வந்துவிடுகிறது. மண்டி பிடிக்கவில்லை என்று நாங்கள் சொன்னதே இல்லை. அதை நாங்கள் சுவைத்துப் பார்த்ததே இல்லை.

சுரண்டைக்காரன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "நீ பதநி குடிச்ச பழக்கத்துக்கு ஒரு பிளாண்டையே மாத்திட்டாங்களேலே!"

அந்தத் தகவலை அனுப்பியவர் பொய் சொல்லவில்லை. மிச்சத்தைப் பார்த்தார், எழுதினார். அந்த மேசையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து ஏன் என்று கேட்டிருந்தால் போதும். சிறிய ஆலை என்பதற்காகவே ஒன்று நல்லதாகிவிடாது என்பதை அண்ணாச்சியின் பேச்சு எனக்கு உணர்த்தியிருந்தது. ஆனால் தயாரிப்பவன் குடிப்பவனின் எதிரே உட்கார முடிகிற தூரம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெரிய நிறுவனத்தில் அந்தத் தூரம் தொலைந்துவிட்டிருந்தது.

திங்கட்கிழமை அவன் போய் இதைச் சொன்னான். அவர்களும் ரசித்துச் சிரித்தார்களாம். பிறகு, உங்கள் ஊர் விற்பனையின் ஒரு மூலைதான், பெருநகரங்களில் வடிகட்டியதே நன்றாகப் போகிறது என்றார்களாம். வியாபாரக் கணக்கில் அது தவறும் இல்லை. அவன் அந்தப் பொறுப்பை ஏற்காமல் வந்துவிட்டான். கூட இருந்தவர்களில் ஒருவர் மட்டும் அவனோடு வந்தார். மற்றவர்கள் அங்கேயே நிலைத்தது அவனுக்கும் நிம்மதிதான். சில மாதங்களில் இன்னொரு சிறு ஆலையில் சேர்ந்தான்.

இந்தப் பருவத்தில் அந்த ஆலையின் கோதுமை பீர் அரசு அனுமதி பெற்று அண்ணாச்சியின் பாருக்கு வந்தது. கண்ணாடிக் கதவுப் பெட்டியில் அதற்கு இடமில்லை. நாங்கள் போனபோது பாரின் மூலையில், கதவில் துரு ஏறிய ஒரு பழைய பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

"வீட்டுல மோர் வச்சிருந்தது," என்றார் அண்ணாச்சி. "ஒங்க மதினி ஏசுதா. ரெண்டு தட்டு ஒனக்கு, ஒரு தட்டு அவளுக்கு."

கதவில் அவர் கையெழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது: அடியில் சுண்ணாம்பு இல்லை. கலக்கிக் குடிக்கவும்.

ராணுவக்காரன் அதைச் சத்தமாக வாசித்தான். பாட்டிலைச் சுழற்றி ஊற்றி, நிதானமாகக் குடித்தான். கடைசி வாய் வந்தபோது அவன் கை வழக்கம்போல் நின்றது. எதிரே சுரண்டைக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். ராணுவக்காரன் கண்ணை மூடிக்கொண்டு கிளாஸை வாயில் கவிழ்த்தான்.

"என்னலே?"

"இருலே," என்றான், நாக்கைச் சப்புக்கொட்டி. "இப்பத்தான குடிச்சேன்."