இரண்டு வாசல் பலகை வீடு

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், அடுப்பில் வேலை கிடக்கிறது என்று எழுந்து போகிற ஆள் நான். சாமி கும்பிடுவேன், அவ்வளவுதான். மந்திரித்த கயிறெல்லாம் கையில் கட்ட விடமாட்டேன். நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கென்ன. ராத்திரி, இருட்டு, சுடுகாடு என்று ஒன்றும் கிடையாது, பட்டப்பகலில் நடந்தது.

அறுபதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரருக்குத் திருத்தங்கலில் ஒரு அச்சாபீசில் வேலை, பட்டாசு லேபிள் அடிக்கிற இடம். பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்தோம். எங்களுக்கு ஒரே பிள்ளை, செல்வி, நாலு வயது. அவளுக்கு இளைப்பு உண்டு. தெருப்பிள்ளைகளோடு கொஞ்சம் ஓடிவிட்டால் போதும், நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கும், உதடு நீலம் பாய்ந்துவிடும். ஒரு தடவை பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்து நான் அலறியிருக்கிறேன். அதனால் வெளியே விடுவதில்லை. அவளும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தபடி நிற்பாள். பெற்ற வயிறு எரியும்.

அந்த வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்தடியில், ஒரு பலகை வீடு இருந்தது. தகரக் கூரை. பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் பொன்னையா அண்ணாச்சி தன் பிள்ளைகள் விளையாடுவதற்காகச் செய்து போட்டது, கரையான் ஏறிக் கிடந்தது. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஓடாமல் ஆடாமல் செல்வி உட்கார்ந்து விளையாட ஒரு இடம் கிடைத்துவிட்டதே. சரிபண்ணிக்கொள்ளலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"தாராளமா பண்ணிக்கோம்மா."

"அது சரி, இம்புட்டூண்டு வீட்டுக்கு எதுக்கு அண்ணாச்சி ரெண்டு வாசல்?"

"அத ஏன் கேக்குற! ஆசாரி பட்டாசுக் கம்பெனிக்கு ரூம் கட்டுற ஆளு. எதிரும் புதிருமா ரெண்டு வாசல் வைக்கணும், கதவு வெளிய பாத்துத் தொறக்கணும், தாப்பா கூடாது. தீப்பிடிச்சா ஓடணும்ல? அதே பழக்கத்துல இதையும் அடிச்சுட்டாரு. பலகையும் கம்பெனியில இடிச்சுப் போட்ட பழைய ரூம் பலகைதான்."

"உங்க பிள்ளைக நல்லா விளையாண்டாகளா?"

"எங்க? உள்ள இடமில்லேன்னு மறுநாளே வெளிய வந்துட்டாக. காலி வீட்டுல என்னத்த இடமில்லையோ!"

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆசாரியைக் கூப்பிட்டால் இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடிப்பான், எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. கரையான் தின்ற பலகைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பெட்டிப் பலகையை நானே அடித்தேன். "ஊர்ல ஆம்பளைகதான் சின்ன வீடு வைப்பாக, எங்க வீட்டுல பொம்பள வச்சிருக்கா" என்று என் வீட்டுக்காரர் அச்சாபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பின்வாசல் வழியாகத் தெருநாய் ஒன்று உள்ளே வந்து படுக்கப் பார்த்தது. நாய் முடி இளைப்புக்காரப் பிள்ளைக்கு ஆகுமா? அந்தக் கதவைச் சாத்தி, குறுக்கே பலகை வைத்து, ஆணிகளை நெருக்கி அறைந்தேன். அதற்கு மேலேயே பச்சைப் பெயிண்டும் பூசினேன்.

பெயிண்ட் காய்ந்து, வாடையும் போன பிறகுதான் செல்வியை உள்ளே விட்டேன். உச்சி வெயில் நேரம். தெருவில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை, எல்லாரும் தீப்பெட்டி வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் சொப்புச் சாமான் பரப்பிச் சோறு ஆக்கினாள். எனக்கும் போட்டாள், நானும் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தேன். காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தள்ளினேன், திறக்கவில்லை. தாழ்ப்பாளே இல்லாத கதவு! தோளைக் கொடுத்து மோதினேன், கல் சுவரில் மோதின மாதிரி இருந்தது. தகரம் காய்ந்து உள்ளே அனல். செல்விக்கு இளைப்பு ஆரம்பித்துவிட்டது. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் பலகையை அடித்துக் கத்தினேன். கேட்க யார் இருக்கிறார்கள்? "அம்மா, அம்மா" என்றவள் அதுவும் சொல்ல முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். என் பிள்ளை என் கையிலேயே போகப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

அப்போதுதான் முதுகில் ஒரு தோள் பட்டது.

திரும்ப முடியவில்லை. இந்தப் பக்கம் ஒரு தோள், அந்தப் பக்கம் ஒரு முழங்கை, முட்டிக்கு முன்னால் ஒரு தலை. திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி நெரிசல். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கையைத் தூக்க இடமில்லை. பட்டாசு மருந்து வாடை மூக்கை அடைத்தது. எல்லாம் என் நெஞ்சு உயரம்கூட இல்லை. எல்லாமே நான் ஆணி அறைந்த பின்வாசலைப் பார்த்துத் தள்ளின, என்னையும் சேர்த்து. நம்பினால் நம்புங்கள், செல்வியை என் இடுப்பிலிருந்து உருவினார்கள். நான் கொடுக்கவில்லை ஐயா, இறுக்கித்தான் பிடித்திருந்தேன். பின்கதவு திறந்து பளீரென்று வெயில் அடித்தது, அந்த வெளிச்சத்தில் என் பிள்ளையின் கால் இரண்டும் அந்தரத்தில் வெளியே போனதைப் பார்த்தேன். உடனே கதவு சாத்திக்கொண்டது. உள்ளே நானும் அந்த நெரிசலும்தான். எனக்காக நான் பயப்படவில்லை. வெளியே அவள் மூச்சு விடுகிறாளா என்று மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. முன்கதவை வெளியிலிருந்து ஒற்றைக் கையால் இழுத்துத் திறந்துகொண்டு செல்வி நின்றாள். மூச்சு சீராக இருந்தது.

"அம்மா, ஏன் உள்ளயே நிக்கிற?"

அவளை வாரி எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் கவுனில் அக்குளுக்குக் கீழே, இரண்டு பக்கமும், பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பொடி கை கையாக ஒட்டியிருந்தது. சின்னச் சின்னக் கை.

சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பின்கதவைப் போய்ப் பார்த்தார். குறுக்குப் பலகை அப்படியே இருந்தது. ஆணி ஒன்றுகூட அசையவில்லை, மேலே பூசிய பெயிண்ட் விரியக்கூட இல்லை.

"பெயிண்ட் வாடை தலைக்கேறிருச்சு உனக்கு" என்றவர், செல்வியிடம் குனிந்தார். "யாரு தாயி கதவத் தொறந்தா?"

"அக்காமாரு. நெறைய அக்காமாரு. அவுகதான் தூக்கிவிட்டாக. நீங்களும் வாங்கன்னேன். அதுக்கு அவுக, ஒங்கம்மா வந்துட்டாக, நீ போ, எங்கம்மா இன்னும் வரலேன்னு கதவச் சாத்திக்கிட்டாக."

"அந்த ஆணியப் பிடுங்குங்க" என்றேன்.

"ஏ பாக்கியம், சொன்னாக் கேளு..."

"பிடுங்குறீகளா, நான் பிடுங்கட்டா?"

பிடுங்கினார். இரண்டு கதவையும் விரியத் திறந்து கல்லை அண்டக் கொடுத்தார். நான் பின்வாசலுக்கு முன்னால் நின்றுகொண்டு, வெட்கத்தை விட்டு, "வாங்க தாயிகளா, உங்கம்மா வராட்டி என்ன, நான் வந்திருக்கேன்ல, வாங்க" என்று கூப்பிட்டேன். அவர் சிரித்தார். வேப்பிலைகூட அசையவில்லை.

செல்வி மட்டும் கவுனை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு ஓரமாக நகர்ந்து, வழி விட்டு நின்றாள். அவள் கண் வாசலிலிருந்து கொல்லை வேலியின் படல் கதவுக்குப் போகும், மறுபடி வாசலுக்கு வரும், மறுபடி படலுக்குப் போகும். இவர் சிரிப்பு நின்றுபோனது. போதும் வா என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன், "இரும்மா, இன்னும் வாராக" என்றாள்.

நாலு பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற வீடு அது. வேப்பமர நிழல் சுவரேறுகிற வரைக்கும் என் பிள்ளை ஒதுங்கியே நின்றாள்.