சூயினுக்கு நன்றி சொல்லக்கூடாது

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை மதியம் சூயினின் அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தார். முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் அவர் நேரே என்னை அழைத்ததே இல்லை. "சூயின் காலமை செத்துப்போனாள்," என்றார். மூளையில் இரத்தக்கசிவாம். நாற்பத்து நான்கு வயது. 'இந்தமுறை கோழி நீ வாங்கு' என்று முதல்நாள்தான் எனக்கு எழுதியிருந்தாள். நான் பதில்கூடப் போடவில்லை. அடக்கம் முடிந்த அன்று, நான் அன்ரி என்று கூப்பிடும் அந்த அம்மா என் கையைப் பிடித்து, "ஒக்டோபர் நன்றி நாள் திங்கக்கிழமை வா. அவளின்ரை பேரை நீதான் சொல்லவேணும்," என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சென்ட் லோரன்டில் அவளுடைய கார்டரிக் குழந்தைகள் காப்பகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய உங்களுக்கு அவள் சூயின் ரீச்சர். அன்ரி சொன்னதைக் கேட்டு நான் ஏன் திடுக்கிட்டேன் என்பது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி நாளில் கனடா ஊரெல்லாம் வான்கோழி தின்னும். தைப்புத் தொழிற்சாலையில் வேலை செய்த சூயினின் அப்பாவோ, கிடைத்த அந்த ஒருநாள் விடுமுறையில் தன் சீன முன்னோருக்குப் படைப்பார். தலையோடு அவித்த முழுக்கோழி, ஆளில்லாத கதிரைகளுக்கு முன்னால் சோற்றுக் கிண்ணங்கள், தேநீர், தோடம்பழம். குளிரிலும் பின்கதவு திறந்தே கிடக்கும். ஒவ்வொருவரும் இறந்தவர் ஒருவரைப் பெயர்சொல்லி அழைத்து, அவர் செய்த ஏதாவதொன்றுக்கு நன்றி சொல்லவேண்டும். ஊதுபத்தி எரிந்து முடியும்வரை யாரும் சோற்றில் கை வைக்க முடியாது.

நான் முதன்முதல் அந்த மேசையில் இருந்தது, கனடாவில் என் முதல் ஒக்டோபரில். வயது ஒன்பது. வகுப்பில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பாராத அந்த நாட்களில் தன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்தவள் சூயின். என் முறை வந்ததும் பெரிய மனுசிபோல எழுந்து, "சூயினுக்கு நன்றி," என்றேன். அன்ரி பதறிப்போய், "சொய்! சொய்!" என்று அபசகுனம் போகத் துப்பி மேசைப் பலகையில் தட்டினார். உயிரோடு இருக்கிற பிள்ளையை இறந்தவர்களோடு சேர்த்துக் கூப்பிட்டுவிட்டேன்! "உரத்துச் சொல்லு, சூயினுக்கு நன்றி இல்லை எண்டு," என்றார் சூயினின் அப்பா. அழுதழுது சொன்னேன். சூயின் சிரித்த சிரிப்பில் கதிரையிலிருந்து விழப்பார்த்தாள்.

என் அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அவையும் எங்களைப் போலத்தான்," என்றார். அடுத்த வாரம் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்ட சூயின், புதிதாய்ப் படித்த தமிழில் "போறன்" என்றாள். அம்மா விடவில்லை. "போறன் எண்டு சொல்லாதை பிள்ளை, போட்டு வாறன் எண்டு சொல்லு." அவள் சரியாகச் சொல்லும்வரை வாசலில் மறித்து வைத்திருந்தார். அதைத்தான் அவள் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

வளர்ந்தபிறகு, பனிப்புயலில் என்னைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனவளும் அவள்தான். வாய் தவறி நன்றி சொல்லப்போனால் அதட்டுவாள்: "வீட்டாக்களுக்கு நன்றி சொன்னால் அவையை விருந்தாளி ஆக்கிப்போடுவாய்." நானும் "உனக்கு நன்றி இல்லையடி" என்பேன். "நல்லது, கனகாலம் இருப்பன்," என்பாள். அப்படிச் சொன்னவள்மேல் எனக்கு இப்போது கோபம் கோபமாக வருகிறது.

அந்தத் திங்களும் வந்தது. அவள் அப்பா போய்ச்சேர்ந்து ஆறு வருடம். சூயின் ஒரே பிள்ளை, கல்யாணமும் கட்டவில்லை. மேசையில் அன்ரியும் நானும் மட்டும். என் முறையில் எழுந்து நின்றேன். "என்னால ஏலாது அன்ரி. நீங்களே சொல்லுங்கோ," என்றேன்.

"தாய் பிள்ளைக்குப் படைக்கக்கூடாது," என்றார் அவர். "நீ அவளிலும் ரெண்டு மாதம் இளையவள். நீ கூப்பிடலாம். கூப்பிடாட்டி அவள் உள்ளை வரமாட்டாள். பசியோடை வெளியிலை நிப்பாள்."

கூப்பிட்டேன். நன்றியும் சொன்னேன். அன்ரி எழுந்துபோய் ஒரு கோழித்துண்டை எடுத்து சூயினுக்கென்று வைத்திருந்த கிண்ணத்தில் வைத்தார்.

சூயின் எனக்கென்று விட்டுப்போனது இதுதான். அவளைச் சாப்பிடக் கூப்பிட இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.