நேர்முகப் பரீட்சை நாளில் திரும்பி வந்தது

1996 அல்லது 97 ஆக இருக்க வேண்டும். றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். என் முதல் பிள்ளைக்கு ஒரு வயது ஆகப்போகிறது; சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தான். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு மாதவிடாய் வரவே இல்லை. பால் கொடுக்கிறவர்களுக்கு அப்படித்தான் என்று கேள்விப்பட்டிருந்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் நிம்மதியாகக்கூட இருந்தது. நாங்கள் இருந்த லயம், அந்த வரிசை வீடுகள் முழுவதற்கும் ஒரே தண்ணீர்க் குழாய். அங்கே துணி அலசுகிற சங்கடம் பெண்களுக்குத்தான் தெரியும்.

கவலைப்பட்டவர் என் மாமியார். கொழுந்து எடுக்கப் போகிறவர், அதிகம் பேசமாட்டார். ஆனால் மாதா மாதம் அந்தக் கேள்வி மட்டும் வந்துவிடும்.

"இன்னும் ஒதுங்கலயா?"

மாதவிடாய் வரவில்லையா என்பதை அவர் அப்படித்தான் கேட்பார். இல்லை என்பேன். அவர் முகம் இருண்டுபோகும். பையன் சோறு சாப்பிடத் தொடங்கிய பிறகு அவர் முடிவே கட்டிவிட்டார். "மறுபடியும் வயித்துல நின்னுருச்சு. பால நிப்பாட்டு. இல்லாட்டிப் புள்ள சவலையாயிரும்" என்று, மார்பில் தடவ வேப்பிலையை அரைத்துக்கொண்டு வந்து வைத்தார். நான் தடவவில்லை. இதனால் இருவருக்கும் பேச்சு குறைந்துபோனது. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் லயத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லச் சொல்ல, உண்மையிலேயே வயிற்றில் ஏதும் இருக்குமோ என்ற பயம் எனக்குள்ளும் வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் எடுப்பதற்காக இரத்தினபுரியில் நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்னார்கள். கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டாமல் வாழ எனக்கு அது ஒன்றுதான் வழி. கணவருக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. "அம்மா வரும், போய்ட்டு வா" என்றார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமியார் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவளிடம் இரவல் வாங்கிய வெளிர்நீலச் சேலை கட்டியிருந்தேன். காலை பஸ்ஸில் எனக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது, மாமியாருக்குப் பின்பக்கம். றக்வானை ரோட்டின் வளைவுகளில் பஸ் ஆடி ஆடி இறங்கியது. மடியில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். திடீரென்று கீழே சூடாக, ஈரமாக இருந்தது. பிள்ளை மூத்திரம் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். தூக்கிப் பார்த்தால் அவன் துணி காய்ந்திருந்தது.

என் சேலையில்தான் இரத்தம். வயிற்றில் இருந்தது கலைந்துவிட்டது என்றே நம்பிவிட்டேன்.

பக்கத்தில் ஜன்னலோரமாக ஒரு முஸ்லிம் பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தார். அதுவரை நாங்கள் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

"என்ன தங்கச்சி, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சி?" என்றார்.

கண்ணால் கீழே காட்டினேன். அவர் ஒரு தடவை பார்த்தார். உடனே தன் பையிலிருந்து ஒரு துவாய்த் துண்டை எடுத்து என் பக்கமாக நீட்டினார். "இதப் போட்டு இரிங்க. கஹவத்தையில எறங்குவம். எங்கட வீடு ரோட்டோரத்துலதான்." பிறகு கண்டக்டரைப் பார்த்து, தங்கைக்குச் சுகமில்லை, எங்கள் கடைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள் என்று சிங்களத்தில் சத்தமாகச் சொன்னார்.

இறங்கும்போது என் முதுகோடு ஒட்டிக்கொண்டு நடந்தார். அவர் உடம்புதான் எனக்கு மறைப்பு. விஷயம் புரியாமல் மாமியார் பையனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

முன்னால் சின்னப் பலசரக்குக் கடை, பின்னால் வீடு. கடையில் நின்ற தன் கணவரிடம் அந்தப் பெண் ஏதோ சொன்னார். அவர் உள்பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண் எனக்குக் கிணற்றடியைக் காட்டினார். பழைய பருத்தித் துணிகளும், தன்னுடைய கரும்பச்சைச் சேலை ஒன்றும் கொண்டுவந்து தந்தார். கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

"எல்லாரும் வயித்துல இருக்குன்னு சொன்னாங்க அக்கா. கலைஞ்சிருச்சா?"

அவர் என்னை உட்காரவைத்தார். வயிறு சுருண்டு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை.

"துணி சுறுக்கா சுறுக்கா நனைஞ்சா, மயக்கம் வந்தா, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறன். இல்லாட்டி பயப்பட வாணாம். இது மாசாமாசம் வாறதுதான், திரும்பி வந்தீக்கி. மொதத் தடவ கொஞ்சம் கூடத்தான் போகும். எனக்கு மூத்தவனுக்கு நாப்பது முடிஞ்ச கையோட வந்த. ரெண்டாவதுக்கு ஒண்டர வருஷம் வரவே இல்ல. ஒடம்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

அதற்குள் பையன் பாலுக்கு அழத் தொடங்கினான். மாமியார் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு இந்தப் பாலக் குடுக்காத. திரும்பி வீட்டுக்கே போயிருவோம்."

"பால்ல ஒண்டும் ஆகாது மாமி. இந்த நாள்லயும் நான் எல்லாப் புள்ளைக்கும் குடுத்த" என்றார் அந்த அக்கா.

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பார்த்தால் கண்ணிலிருந்து நீர் வழிகிறது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"எனக்கும் ஒதுங்கவே இல்லீங்க" என்றார், என்னிடம் அல்ல, அந்த அக்காவிடம். "பால் குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு மாசங்கூட வரல. உள்ள புள்ள அசஞ்சப்பதான் எனக்கே தெரிஞ்சுச்சு. உடனே நிப்பாட்டுன்னாங்க, ஒரே நாள்ல நிப்பாட்டிட்டேன். மூத்தது பொம்பளப் புள்ள. பாலுக்கு அழுது அழுது சுருங்கிப்போச்சு. இவ புருஷன் பொறக்கறதுக்கு முந்தியே போயிருச்சு."

என் கணவருக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்கே அது சரியாகத் தெரியாது என்று பிறகு கேட்டபோது விளங்கியது.

அந்த அக்கா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தார். பிறகு எழுந்து போய் பால் விடாத பிளேன்டீ போட்டுக்கொண்டு வந்தார். மாமியார் அதைக் குடித்தார். மூக்கைச் சிந்தினார். பையனைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"குடு. வயிறு நெறையக் குடிக்கட்டும். நேரமாச்சு, பஸ்ஸ விட்றாத."

இரத்தினபுரிக்குப் போய்ச் சேர்ந்தபோது என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். வாசலில் நின்ற பியோன் இனி உள்ளே விட முடியாது என்றார். நான் திரும்பிவிட்டேன். மாமியார் திரும்பவில்லை. தோட்டத்துச் சிங்களத்தில் அவரோடு வாதாட ஆரம்பித்தார். "பால்குடிப் புள்ளக்காரி, றக்வானையில இருந்து வர்றா, கடைசியாவாச்சும் கூப்பிடச் சொல்லுங்க" என்பதையே மாற்றி மாற்றிச் சொன்னார். சத்தம் கேட்டு வெளியே வந்த ஓர் அதிகாரி, என்னையும் பையனையும் பார்த்துவிட்டு, இருக்கச் சொன்னார். எல்லாருக்கும் கடைசியாக நான் உள்ளே போனேன். என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்பது பாதி மறந்துவிட்டது. கதவுக்கு வெளியே மாமியார் பையனுக்கு வேடிக்கை காட்டும் குரல் மட்டும் நினைவிருக்கிறது.

வேலை கிடைத்தது.

அடுத்த வாரம் கிளினிக் நாளில் மாமியாரும் கூடவே வந்தார். பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் மிஸ்ஸி என்னைப் பார்த்துவிட்டு, கர்ப்பமில்லை, இது சாதாரணம்தான் என்றார். பால் மட்டுமே குடிக்கிற ஆரம்ப மாதங்களில் பலருக்கு வராது; பிள்ளை சோறு சாப்பிட்டு, பால் குறையக் குறைய எப்போதும் திரும்பலாம்; முதலில் கொஞ்ச காலம் முன்னே பின்னேயாகத்தான் வரும் என்று விளக்கினார். "ஆனா வரலங்கிறதுக்காகப் புள்ள தங்காதுன்னு நெனைக்காதீங்க. மாசம் திரும்புறதுக்கு முந்தியே தங்கலாம்" என்று சொன்னபோது மாமியார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தனக்கு நடந்ததை இத்தனை வருடம் கழித்து ஒருவர் விளக்கிச் சொல்கிறார். "அது என் தப்பில்லையா மிஸ்ஸி?" என்று மட்டும் கேட்டார். மிஸ்ஸி இல்லை என்றார்.

அந்த அக்காவின் சேலையைத் துவைத்து எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கஹவத்தைக்குப் போனோம். மாமியார் ஒரு பலாப்பழத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். அவரும் அந்த அக்காவும் பேசிய பேச்சில் மூன்று பஸ்ஸை விட்டோம். அதற்குப் பிறகு மாமியார் மலையில் கொழுந்து எடுக்கும்போது இளம் தாய்மாரிடம், "ஒதுங்கலன்னா நீயா எதையாச்சும் நெனச்சுக்காத, கிளினிக்குல போய்க் கேளு, பால மட்டும் சட்டுன்னு நிப்பாட்டிராத" என்று சொல்வதை மற்றவர்கள் வந்து எனக்குச் சொன்னார்கள்.

இப்போது பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் தாய்மார் சிலர், இடுப்பில் கைக்குழந்தையோடு, "டீச்சர், ஒன்னு கேக்கணும்" என்று குரலைத் தாழ்த்துவார்கள். நான் அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்து, முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுவேன். ஒருத்தி வெட்கப்படாமல் தன் உடம்பைப் பற்றிப் பேசிவிட்டால், எத்தனையோ வருடமாக இன்னொருத்தி நெஞ்சுக்குள் புதைத்து வைத்த துக்கம்கூட வெளியே வந்துவிடும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.