அடைத்த மூச்சுக்கு அவன் வழி விட்டான்

முருகனை நம்பும் உங்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லாமல் இருக்க என் மனசு இடம் கொடுக்கவில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். அந்தமானில், போர்ட் பிளேரின் லம்பா லைன் பகுதியில் குடியிருந்தோம். என் கணவர் சர்க்கார் எலக்ட்ரீஷியன். ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டில் ஒயரைச் சரிபார்க்கும்போது ஷாக் அடித்துத் தூக்கி எறிந்துவிட்டது. நான் ஓடிப் போனபோது முற்றத்தில் மல்லாந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இல்லை.

எதிர்வீட்டு லீலாம்மா ஆஸ்பத்திரி நர்ஸ், மலையாளி. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு நாடியும் இல்லை என்றார். ஜீப்புக்கு ஆள் அனுப்பிவிட்டு, இரண்டு கையாலும் அவர் நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார். என்னை வாயோடு வாய் வைத்து ஊதச் சொன்னார்.

சுற்றிலும் ஆண்கள். ராமநாதபுரத்தில், புருஷன் பேரைக்கூடச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். கால் நகரவில்லை.

"வெட்கமெல்லாம் பிறகு, மோளே. தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊது."

ஊதினேன். காற்று உள்ளே இறங்கவில்லை. என் முகத்திலேயே திரும்பி அடித்தது. மறுபடியும் அப்படித்தான்.

அப்போது எனக்கு என்னவோ ஆனது. பேச்சுச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் அமுங்கிப்போனது. தென்னங்கீற்றின் நிழல் அவர் முகத்தில் மெல்ல ஆடியது. எங்கோ கடல் மட்டும் கேட்டது. பயம்கூட இல்லை. "முருகா, வழி விடு" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அந்த அமைதியில்தான் வெற்றிலை வாசனை வந்தது. சாப்பிட்டதும் தாம்பூலத்தை வாயில் அடக்கிக்கொண்டு கிளம்பியவர் அவர். லீலாம்மாவிடம் சொன்னேன். தலையைப் பக்கவாட்டில் திருப்பி, விரலை விட்டு, தொண்டையை அடைத்திருந்த சக்கையை வழித்தெடுத்தார்.

மீண்டும் ஊதினேன். நெஞ்சு உயர்ந்தது. எத்தனை முறை ஊதினேனோ, தெரியாது. ஒரு இருமல். கொஞ்சம் கழித்து, அவராகவே ஒரு மூச்சு.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தார். நடந்தே வீடு திரும்பினார்.

அதன்பிறகு லீலாம்மாவிடம் முறையாகக் கற்றுக்கொண்டேன். செவ்வாய்தோறும் பூஜை முடிந்ததும் கோயிலுக்கு வரும் பெண்களுக்குத் தாடையைத் தூக்கிக் காட்டுகிறேன். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் செய்வார்கள்.

உங்களுக்கும் அப்படியொரு நேரம் வந்தால் அவனைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுக்கொண்டே ஊதுங்கள்.